நீங்கதானே பின் போட்டீங்க?

2025ஆம் வருடத்தின் முதல் பாதியில் யாருக்குப் போன் போட்டாலும், ரிங் போவதற்கு முன்னால் ஓர் அறிவுரையைக் கேட்டாக வேண்டியிருந்தது. ஓடிபி சொல்லாதீர்கள், தெரியாத லிங்கைத் தொடாதீர்கள், போலீஸ் என்று மிரட்டினால் நம்பாதீர்கள். ஹிந்தியில் அமிதாப் பச்சனே வந்து சொன்னார். ஜூன் மாதக் கடைசியில் நிறுத்தினார்கள். அப்பாடா என்றிருந்தது. அந்த அறிவுரையில் பொய் ஒன்றும் இல்லை, ஒவ்வொரு வரியும் சரிதான். அது தப்பான ஆளிடம் பேசியது என்பதுதான் என் புகார்.

ஒரு மோசடி நடப்பதற்கு எத்தனை கதவுகள் திறந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். எவனோ ஒருவனுக்கு இன்னொருவர் பெயரில் சிம் கார்டு கிடைக்க வேண்டும். வாடகைக்கு ஒரு வங்கிக் கணக்கு கிடைக்க வேண்டும். ஐந்நூறு, ஆயிரம் என்று புழங்கிக்கொண்டிருந்த அந்தக் கணக்கில் திடீரென்று லட்சங்கள் வந்து விழுந்து, பத்து நிமிடத்தில் வேறு நாலு கணக்குகளுக்குப் பிரிந்து போவதை அந்த வங்கி பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். வாழ்நாளில் இதுவரை மளிகைக் கடைக்கும் பேரனுக்கும் மட்டுமே பணம் அனுப்பிய ஒரு பெரியவர், முன்பின் தெரியாத ஆளுக்கு முழுசாக ஒரு லட்சம் அனுப்பும்போது ஆப்பும் அவருடைய வங்கியும் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு கடைசியில் ஒரு கதவு மிச்சம் இருக்கிறது, போனைக் கையில் வைத்திருப்பவரின் மனசு. முதல் நாலையும் திறந்து போட்டுவிட்டு இந்த ஐந்தாவது கதவுக்கு மட்டும் காவல் போடுவதற்குப் பெயர் விழிப்புணர்வு.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். பணம் அனுப்பும் செயலிகளின் உள்வயிற்றில் சில வருடங்கள் வேலை பார்த்திருக்கிறேன். எங்கள் தொழிலில் எழுதப்படாத ஒரு விதி உண்டு. ஒரு பட்டனை ஒருத்தர் தப்பாக அமுக்கினால் அது அவர் தப்பு, ஆயிரம் பேர் தப்பாக அமுக்கினால் அது பட்டனின் தப்பு. சாப்பாடு ஆர்டர் செய்யும் ஆப்பில் இதை அப்படியே கடைப்பிடிப்போம். ‘கார்ட்’ பட்டனை நாலு பேர் கவனிக்காமல் போனால் போதும், அதன் நிறத்தை மாற்றுவதற்கு மூன்று மீட்டிங் நடக்கும். ஆனால் அதே ஜனங்கள் ஒரு பட்டனை அமுக்கித் தங்கள் சேமிப்பை இழந்தால் மட்டும் நாங்கள் எல்லோரும் தத்துவவாதிகள் ஆகிவிடுகிறோம். “ஏமாறுறவன் இருக்குற வரைக்கும் ஏமாத்துறவன் இருப்பான்.” டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் சொன்னால் அது அனுபவம். வங்கிக் கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சொன்னால் அது கைகழுவல்.

உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தந்த கணக்குப்படி, இணையவழி நிதி மோசடிகளில் இந்தியர்கள் 2023இல் இழந்தது 7,465 கோடி ரூபாய். 2024இல் 22,845 கோடி. ஒரே வருடத்தில் மூன்று மடங்கு. விழிப்புணர்வு இல்லாததுதான் காரணம் என்றால், அந்த ஒரு வருடத்தில் இந்தியர்களின் புத்தி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது என்று நம்ப வேண்டும். போஸ்டரும் குறும்படமும் ரீல்ஸும் அந்த வருடத்தில் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

*

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் தன்னுடைய பழைய மிஷினை விற்பதற்காகப் பழைய பொருள் விற்கும் தளம் ஒன்றில் போட்டோ போட்டார். ஒன்பதாயிரம் என்று விலை. அரை மணி நேரத்தில் அழைப்பு வந்துவிட்டது. ராணுவத்தில் இருக்கிறேன், இங்கே மாற்றலாகி வந்திருக்கிறேன், மனைவிக்கு மிஷின் வேண்டும், பேரம் எல்லாம் பேசவில்லை. சீருடை போட்ட படம் போட்ட அடையாள அட்டையும் வாட்ஸ்அப்பில் வந்தது. (இந்த ராணுவக்காரர் கதை ரொம்பப் பழசு. வாடகைக்கு வீடு கேட்பார், சோபா கேட்பார், பைக் கேட்பார். நேரில் மட்டும் வரவே மாட்டார்.) “எங்க அக்கவுண்ட் ஆர்மி அக்கவுண்ட் மேடம், அதுல ஸ்கேன் பண்ணித்தான் பணம் ரிசீவ் பண்ண முடியும்” என்றாராம். அக்காவின் மகனுடைய போனுக்கு ஒரு க்யூஆர் வந்தது. அக்கா தன் போனில் அதை ஸ்கேன் செய்தார். முதலில் ஐந்து ரூபாய்தான். போனது. உடனே பத்து ரூபாய் திரும்பி வந்தது. “பாத்தீங்களா மேடம், போட்டா ரெட்டிப்பா வரும், அதுதான் எங்க சிஸ்டம்.” அடுத்த க்யூஆர் ஒன்பதாயிரத்துக்கு. போனது, வரவில்லை. “சர்வர் பிரச்சினை, இன்னொரு தடவை பண்ணினா ரெண்டும் சேர்ந்து வந்துரும்.” இன்னொரு ஒன்பதாயிரம்.

மறுநாள் காலை வங்கி திறந்ததும் போய் நின்றிருக்கிறார். மேலாளர் ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்ட ஒரே கேள்வி: “நீங்கதானேம்மா பின் போட்டீங்க?”

“பின் போட்டா காசு வரும்னுதான் சார் போட்டேன்.”

இந்தப் பதிலைச் சொல்லிக்காட்டும்போது எங்கள் தெருவில் சிலர் சிரித்தார்கள். நீங்களும் லேசாகச் சிரித்திருக்கலாம். பணம் வாங்குவதற்குப் பின் எதற்கு, இதுகூடத் தெரியாதா என்று. சரி, யுபிஐ பின்னை எதற்கெல்லாம் கேட்கிறார்கள்? பணம் அனுப்பக் கேட்கிறார்கள். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கும் அதே பின்தான். மாதாமாதம் பிடித்துக்கொள்ளும் ஆட்டோபேவுக்கு ஒப்புதல் தருவதற்கும் அதே பின்தான். அதில் ஒருமுறை பின் போட்டுவிட்டால், அதற்கப்புறம் 15,000 ரூபாய் வரை பின்னே கேட்காமல் போய்க்கொண்டிருக்கும். யுபிஐ லைட்டில் சின்னத் தொகைக்குப் பின் கிடையாது. ஆக, பின் போட்டும் பணம் போகாமல் இருக்கலாம், பின் போடாமலும் பணம் போகலாம். ‘பின் என்றால் பணம் வெளியே போகிறது’ என்ற விதியை மீறியது அக்கா இல்லை, அந்த அமைப்பைக் கட்டியவர்கள். தினமும் ராத்திரி கடையைச் சாத்தும்போது பேலன்ஸ் பார்க்க நாலு எண்ணைத் தட்டித் தட்டிப் பழகிய விரல் அது. அந்த நாலு எண்ணுக்கு ‘காட்டு’ என்றும் ஓர் அர்த்தம் உண்டு என்று அவருக்குக் கற்றுக்கொடுத்ததே ஆப்தான்.

இன்னொன்று. அந்த ஒன்பதாயிரம் ரூபாய் க்யூஆரை நான் வாங்கிப் பார்த்தேன். க்யூஆர் என்பது படம் போட்ட ஒரு சின்ன வாக்கியம், அவ்வளவுதான். யாருக்கு, எவ்வளவு, என்ன குறிப்பு என்று எழுதியிருக்கும். அந்தக் குறிப்பை எழுதுகிறவர் க்யூஆரைத் தயாரிப்பவர். இவன் அதில் ஆங்கிலத்தில் ‘ரிசீவ்’ என்று எழுதி வைத்திருந்தான். பணம் அனுப்பும் திரையில், ஆப்பின் சொந்த எழுத்துகளுக்குப் பக்கத்தில், திருடன் எழுதிய வார்த்தையும் ஒரு மரியாதையோடு உட்கார்ந்திருந்தது. எது ஆப் சொல்வது, எது எதிராளி சொல்வது என்று அக்காவுக்கு எப்படித் தெரியும்? தெரிய வைப்பது எங்கள் வேலை. அந்நியன் எழுதிய வார்த்தையை உன் குரலில் படித்துக் காட்டாதே என்பது பாதுகாப்புப் பாடத்தின் முதல் வருட விஷயம்.

*

இதே ஏமாற்றுக்கு ஒரு மூத்த அண்ணன் இருந்தான். யுபிஐயில் பணம் அனுப்புவதைப் போலவே, ‘எனக்கு இவ்வளவு அனுப்பு’ என்று கோரிக்கை அனுப்பவும் முடியும். கலெக்ட் ரிக்வெஸ்ட் என்பார்கள். தங்கும் விடுதியில் சேர்ந்து சாப்பிட்ட நண்பர்கள் பில்லைப் பிரித்துக்கொள்ள உதவும் என்று நல்லெண்ணத்தில் வைத்த வசதி. வந்த நாளிலிருந்து அதை மோசடிக்காரர்கள் கொண்டாடினார்கள். ‘உங்களுக்குக் கேஷ்பேக் வந்திருக்கிறது, பெற்றுக்கொள்ள ஒப்புதல் தரவும்’ என்று எழுதி அனுப்பினால் போதும். யுபிஐ 2016இல் வந்தது. ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்கு இப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியை என்பிசிஐ முழுதாக நிறுத்தியது 2025 அக்டோபர் 1ஆம் தேதி. நடுவில் அதற்கு 2,000 ரூபாய் உச்சவரம்பு வைத்துப் பார்த்தார்கள். மற்றபடி அந்த வருடங்கள் முழுக்க நடந்தது போஸ்டர் ஒட்டும் வேலைதான்: ‘பணம் பெற பின் தேவையில்லை.’

ஒரு பட்டனை எடுக்க ஒன்பது வருடம். எடுத்த மறுநாள் அந்த வழி மூடிவிட்டது. அதற்கு எந்தப் பாட்டிக்கும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை. நண்பர்கள் பில்லைப் பிரித்துக்கொள்வதும் நின்றுவிடவில்லை.

கதவை அடைத்த மற்ற இடங்களும் இருக்கின்றன. ‘ஸ்டார் 401’ என்று தொடங்கி ஓர் எண்ணைத் தட்டச் சொல்வான். தட்டினால் உங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் அவனுக்குப் போகும், குரல் வழியாக வரும் ஓடிபி உட்பட. 2024 ஏப்ரலில் தொலைத்தொடர்புத் துறை அந்த மாதிரிக் குறியீடு வழியாக அழைப்பைத் திருப்பிவிடும் வசதியையே நிறுத்தி வைக்கச் சொன்னது. 2025இல், பணம் அனுப்பும் முன்னால் வங்கிக் கணக்கில் பதிவான உண்மையான பெயரைத்தான் காட்ட வேண்டும், ஆள் தானாக வைத்துக்கொண்ட பெயரைக் காட்டக் கூடாது என்று என்பிசிஐ சொன்னது. இது நல்ல மாற்றம். இனி ‘கஸ்டமர் கேர்’ என்று பெயர் வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருக்க முடியாது. செய்ய முடிகிறது என்பதற்குச் சாட்சியாகவே இவற்றைச் சொல்கிறேன். செய்ய முடிகிற ஒன்றைப் பத்து வருடம் கழித்துச் செய்கிறவர்கள், அந்தப் பத்து வருடமும் ஏமாந்தவரைப் பார்த்து ‘நீங்கதானே பின் போட்டீங்க’ என்று கேட்டிருக்கிறார்கள்.

*

அந்த மேலாளரின் கேள்வி அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குப் பின்னால் ஒரு வார்த்தை இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. நல்ல அறிக்கைதான். உங்கள் தப்பும் இல்லை, வங்கியின் தப்பும் இல்லை, வேறெங்கோ ஓட்டை விழுந்து பணம் போயிருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமையும் வங்கியுடையது. ஆனால் அதன் தலைப்பிலேயே ‘அங்கீகரிக்கப்படாத’ பரிவர்த்தனைகள் என்று இருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் எவனோ எடுத்தால் அது திருட்டு, அதற்கு மருந்து உண்டு. உங்களையே எடுத்துக் கொடுக்க வைத்தால் அது நீங்கள் அங்கீகரித்தது. பின் போட்டாயிற்று அல்லவா?

பூட்டை உடைத்தவனிடமிருந்து சட்டம் நம்மைக் காக்கும், பேசிப் பேசிச் சாவியை வாங்கியவனிடமிருந்து காக்காது. அப்படியானால் எந்தத் திருடன் பூட்டை உடைத்துக்கொண்டு கஷ்டப்படுவான்? மொத்தத் தொழிலும் சாவி வாங்கும் பக்கம் நகர்ந்துவிட்டது. நம் போனுக்கு வரும் அத்தனை அழைப்புகளும் அந்த ஒரு வார்த்தையின் ஓட்டை வழியாக வருபவைதான்.

இது இயற்கை விதி ஒன்றும் இல்லை. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், இப்படி ஏமாந்து தாங்களே அனுப்பிய பணத்தையும் வங்கிகள் திருப்பித் தந்தாக வேண்டும். உச்சவரம்பு 85,000 பவுண்டு. உள்நாட்டுக்குள் நடக்கும் பணமாற்றத்துக்கு மட்டும். இதில் எனக்குப் பிடித்த அம்சம், அந்த நஷ்டத்தில் பாதியை அனுப்பிய வங்கியும் மறுபாதியைப் பணம் போய்ச் சேர்ந்த வங்கியும் தர வேண்டும் என்பது. திருடனுக்குக் கணக்குத் திறந்து கொடுத்த வங்கியின் கல்லாவிலிருந்து காசு போகிறது. அதற்கப்புறம் அந்த வங்கிக்குத் தன் வாடிக்கையாளர் யார் என்பதில் திடீரென்று ஆர்வம் பிறக்கும். சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் ஒரு வங்கியின் பெயரில் வந்த போலி எஸ்எம்எஸ்ஸால் நூற்றுக்கணக்கானவர்கள் பணம் இழந்தபோது, அடுத்த மாதமே அந்நாட்டு நாணய ஆணையம் வங்கிகளின் எஸ்எம்எஸ்ஸில் லிங்க்கே இருக்கக் கூடாது என்றது. புது போனில் டோக்கனை இயக்கினால் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றது.

நம் வங்கிகள்? இன்று காலைகூடச் சுருக்கப்பட்ட லிங்க்கோடு கடன் வாங்கச் சொல்லி எனக்கு எஸ்எம்எஸ் வந்தது, அசல் வங்கியிடமிருந்து. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து கூப்பிட்டு, “வெரிஃபிகேஷனுக்காக உங்க டேட் ஆஃப் பர்த் சொல்லுங்க சார்” என்று கேட்பதும் அசல் வங்கிதான். அசலே போலி மாதிரி நடந்துகொண்டால், போலியை எப்படி அடையாளம் காண்பது? வங்கிகள் சேவை, பரிவர்த்தனை தொடர்பாகக் கூப்பிட்டால் 1600 என்று தொடங்கும் எண்ணிலிருந்து மட்டும் கூப்பிட வேண்டும், இணைய முகவரி ‘பேங்க் டாட் இன்’ என்று முடிய வேண்டும் என்றெல்லாம் 2025இல் விதிகள் வந்தன. அவை நம் காதுக்கும் கண்ணுக்கும் பழக இன்னும் சில காலம் ஆகும். அதற்குள் நாம் எத்தனை தடவை ‘விழிப்புடன்’ இருக்க வேண்டுமோ.

*

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அந்த அறைகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ‘ஃப்ரிக்ஷன்’ என்பார்கள், உராய்வு. ஒரு திரை கூடினால் இத்தனை சதவீதம் பேர் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்கள். 2025 ஆகஸ்டில் யுபிஐ ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. அந்த ஓட்டத்தைத் தடுக்கலாமா? பூக்காரம்மாவின் இருபது ரூபாயைத் தடுக்கலாமா?

பூக்காரம்மாவை யாரும் தடுக்கச் சொல்லவில்லை. அவரை முன்னால் நிறுத்திவிட்டு இவர்கள் பின்னால் ஒளிந்துகொள்வதுதான் வழக்கமாக நடக்கிறது. தினமும் வாங்கும் பூவுக்கும் பாலுக்கும் உராய்வு வேண்டாம். இதுவரை ஒரு ரூபாய்கூட அனுப்பாத ஆளுக்கு, என் மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகையை, ஒரு வாட்ஸ்அப் அழைப்பில் இருக்கும்போதே அனுப்புகிறேன் என்றால் அங்கே உராய்வு வேண்டும். பிரேக் பிடிப்பதும் உராய்வால்தான், அது இல்லாத வண்டியை வேகமான வண்டி என்று யாரும் விற்பதில்லை. இதற்கான தொழில்நுட்பம் இல்லை என்று சொல்லவும் முடியாது. புதிதாக யுபிஐ பதிவு செய்தால் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது, இன்றைக்கும் அப்படித்தான். போனை மாற்றினால் சந்தேகப்படத் தெரிந்த அமைப்புக்கு, பணம் போகும் ஆள் புதுசு என்றால் சந்தேகப்படத் தெரியாதா? முன்பின் பழக்கமில்லாத இருவருக்கு இடையில் முதல் தடவை 2,000 ரூபாய்க்கு மேல் போனால் நாலு மணி நேரம் நிறுத்தி வைக்கலாமா என்று யோசிக்கிறார்கள் என 2023 நவம்பரில் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அக்காவின் ஒன்பதாயிரத்துக்கு அந்த நாலு மணி நேரம் கிடைத்திருந்தால் போதும். மகன் காலேஜிலிருந்து வந்திருப்பான்.

வங்கி திருப்பித் தந்தால் ஜனங்கள் அலட்சியமாகிவிடுவார்கள் என்றும் ஒரு வாதம் உண்டு. காப்பீடு இருக்கிறது என்று யாரும் வேண்டுமென்றே லாரியில் போய் மோதுவதில்லை.

*

அப்போ நாம ஒண்ணுமே பண்ண வேண்டாமா என்றால், வேண்டும். கதவு திறந்து கிடக்கும்வரை வாசலில் ஆள் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். ஆனால் பத்து அறிவுரையைப் பட்டியல் போட்டு அம்மாவுக்கு ஃபார்வர்ட் செய்வதால் பயனில்லை. பதினோராவது வகை நாளைக்கு வரும். இப்போது சுற்றில் இருப்பவற்றைப் பாருங்கள். ‘ஈபி பில் கட்டவில்லை, இன்றிரவு 9.30க்கு மின்சாரம் துண்டிக்கப்படும்’ என்று ஒரு செய்தி. கல்யாணப் பத்திரிகை என்றோ போக்குவரத்து அபராதம் என்றோ வாட்ஸ்அப்பில் வந்து விழும் ஏபிகே கோப்பு, திறந்தால் உங்கள் எஸ்எம்எஸ் எல்லாம் அவன் கைக்குப் போய்விடும். ‘உங்கள் எண்ணுக்குத் தவறுதலாக அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்’ என்று அழும் குரல், கூடவே வங்கி அனுப்பியது போலவே ஒரு போலி எஸ்எம்எஸ். கூரியரில் போதைப்பொருள் சிக்கியிருக்கிறது, வீடியோ காலிலேயே இருங்கள், உங்களை ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ செய்திருக்கிறோம் என்று காக்கிச் சட்டை போட்டு உட்கார்ந்திருப்பவன். அப்படியொரு கைது இந்தியச் சட்டத்திலேயே கிடையாது.

இத்தனைக்கும் பொதுவாக ஒன்றுதான் இருக்கிறது. இவர்களில் யாராலும் உங்களைப் போனை வைக்க விட முடியாது. வைத்துவிட்டால் நீங்கள் பக்கத்து வீட்டில் கேட்பீர்கள், ஈபி ஆபீசுக்குப் போவீர்கள், பேலன்ஸைப் பார்ப்பீர்கள், கதை முடிந்தது. அதனால்தான் ‘யாரிடமும் சொல்லாதே’, ‘லைனிலேயே இரு’, ‘இப்பவே’. என் அம்மாவுக்கு நான் சொல்லிக் கொடுத்தது இது ஒன்றுதான்: காசு, போலீஸ், பேங்க் எதைப் பற்றிப் பேசினாலும் “எம்மவன் வந்து பேசுவான்”னு சொல்லி வச்சிடு, வைக்க விடலைன்னா அவன் திருடன். அப்புறம் அம்மாவின் யுபிஐயை ஓய்வூதியக் கணக்கிலிருந்து பிரித்து, ஐயாயிரத்துக்கு மேல் தங்காத வேறொரு கணக்கோடு இணைத்தேன். போன வாரம் அம்மா என் சொந்தத் தாய்மாமாவிடமே எம்மவன் பேசுவான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். மாமாவுக்குக் கோபம். பரவாயில்லை.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு இருபது, இருபத்தைந்து வயதிருக்கும். டிஜிட்டல் அரெஸ்ட்டுக்கெல்லாம் நீங்கள் பயப்பட மாட்டீர்கள். உங்களுக்கு வருவது வேறு. டெலிகிராமில் ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டால் 150 ரூபாய் என்று ஒரு வேலை, முதல் நாள் 150 நிஜமாகவே வரும், நாலாம் நாள் ‘பிரீமியம் டாஸ்க்’குக்கு நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். அதைவிட மோசமானது இன்னொன்று. ‘உன் அக்கவுண்ட்ட ஒரு மாசத்துக்குக் குடு மச்சி, சும்மா கெடக்குறதுதான, கமிஷன் தர்றோம்’ என்று காலேஜ் சீனியர் ஒருவர் கேட்பார். அக்காவின் பதினெட்டாயிரம் போய் இறங்கியது அப்படி ஒரு கணக்கில்தான் இருக்கும். போலீஸ் தேடி வரும்போது சீனியர் இருக்க மாட்டார், கணக்கில் உங்கள் ஆதாரும் போட்டோவும் இருக்கும். மறுமுனையில் பேசுகிறவர்களும் எல்லோரும் கொழுத்த வில்லன்கள் இல்லை. தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவாடியில் அடைக்கப்பட்டு, அடி வாங்கிக்கொண்டு இணைய மோசடி செய்ய வைக்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பையன்களும் இருந்தார்கள். 2022இல் சிலரை மீட்டு அழைத்து வந்தார்கள். ஏமாறுகிறவன், ஏமாற்றுகிறவன் என்று இரண்டு ஜாதி இருப்பதாக அந்தப் பழமொழி சொல்கிறது. அந்தப் பையன்களை எதில் சேர்ப்பது?

*

அக்காவுக்கு 1930 என்ற எண்ணை அந்த வங்கியில் யாரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன், ஒன்றரை நாள் தாமதமாக. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் அதை நிறுத்தி வைக்க இருக்கும் முக்கியமான வழி அது, முதல் ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டால் பலன் அதிகம். ‘சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்’ தளத்திலும் பதிந்தோம். பிறகு வங்கிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தோம்.

“தெரியாம அனுப்பிட்டேன், மன்னிச்சுக்கோங்கன்னு எழுதட்டுமா தம்பி?” என்று கேட்டார். யாரிடம் மன்னிப்பு? அந்த வரியை எழுத விடவில்லை. நடந்ததை மணி நிமிடத்தோடு வரிசையாக எழுதினோம், ஒன்றையும் மறைக்கவில்லை, பின் போட்டதையும் எழுதினோம். எப்படிப் போட வைக்கப்பட்டது என்பதை அதைவிட விரிவாக எழுதினோம். கீழே கேள்விகள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கு எந்த வங்கியில், எப்போது திறக்கப்பட்டது? அந்த வங்கிக்கு நீங்கள் எத்தனை மணிக்குத் தகவல் சொன்னீர்கள்? அவர்கள் எத்தனை மணிக்குக் கணக்கை முடக்கினார்கள், அப்போது அதில் எவ்வளவு மிச்சம் இருந்தது? இதுவரை ஒரே நாளில் ஆறாயிரம்கூட அனுப்பாத கணக்கிலிருந்து ஆறு நிமிடத்தில் பதினெட்டாயிரம் ஒரே ஆளுக்குப் போனபோது உங்கள் கண்காணிப்பு என்ன சொன்னது?

நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டோம். சீல் போட மேலாளருக்கு மனசில்லை, இருந்தாலும் போட்டார். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வருகிற வியாழக்கிழமையோடு முப்பது நாள் முடிகிறது. அடுத்த மனுவும் தயாராக இருக்கிறது, அக்கா தன் கையெழுத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்.